கட்டிலுக்கு அடியில் ஒரு ரயில்வே ஸ்டேஷன்

ஹவுஸ் ஓனர் வந்து, "பையன் பெங்களூர்லேர்ந்து திரும்பி வர்றான். ரெண்டு மாசத்துல வீட்டைக் காலி பண்ணிக் கொடுத்துடுங்க" என்று சொன்னதும், என் மனைவி அட்வான்ஸ் கொடுத்த ரசீதைத் தேடினாள். நான் இஞ்ச் டேப்பைத் தேடினேன்.

"எதை அளக்கப் போறீங்க?"

"மாடிப்படியை."

அளந்துவிட்டு மூஞ்சியைத் தொங்கப்போட்டுக்கொண்டு திரும்பி வந்தேன். "நான் அப்பவே சொன்னேன்" என்றாள். கல்யாணமான ஆண்கள் அனைவருக்கும் பரிச்சயமான வாக்கியம். எப்போது சொன்னாள் என்று எதிர்க்கேள்வி கேட்டால் தேதியோடு பதில் வரும். அதனால் கேட்கவில்லை.

பிரச்னை இதுதான். எங்கள் வீட்டு உள்ளறையில், சுவரை ஒட்டினாற்போல் எட்டடி நீளத்துக்கு ஒரு ரயில்வே ஸ்டேஷன் இருக்கிறது. குடியிருப்பது இரண்டாவது மாடி. படி திரும்புகிற இடத்தில் எட்டடிச் சமாசாரம் எதுவும் திரும்பாது.

"அப்படியானால் உள்ளே எப்படி வந்தது?" என்றுதானே கேட்கிறீர்கள்? நாலு வருஷத்துக்கு முன்னால் அது வெறும் பிளைவுட் பலகையாகத்தான் வந்தது. பால்கனி வழியாகக் கயிறு கட்டி ஏற்றினோம். அதற்கப்புறம் புறாத் தொல்லைக்காக ஓனர் பால்கனி முழுக்க இரும்புக் கிரில் போட்டுவிட்டார். இப்போது புறா உள்ளே வரமுடியாது. ஸ்டேஷன் வெளியே போகமுடியாது.

"உடைச்சு மூட்டை கட்டிடலாம் சார், அரை மணி நேர வேலை" என்றார் வீடு மாற்றிக்கொடுக்கும் வேன்காரர். அப்பா அவரைப் பார்த்த பார்வையில், அடுத்த வார்த்தை பேசாமல் பீரோவை அளக்கப் போய்விட்டார்.

* * *

"பொம்மை ரயிலா?" என்று கேட்பவர்களுக்காக ஒரு சின்ன விளக்கம்.

பொம்மை ரயில் என்றால் சாவி கொடுத்தால் ஓடும், மிதித்தால் உடையும். இதுவும் மிதித்தால் உடையும்தான். ஆனால் இதில் ஒரு கணக்கு இருக்கிறது. நிஜத்தில் 87 அடி என்றால் இங்கே ஓரடி. ஹெச்.ஓ. என்று பெயர். முன்னாலேயே 'ஓ' என்று ஓர் அளவு இருந்தது. அதில் பாதி, ஹாஃப் ஓ, அதுவே ஹெச்.ஓ. உலகத்தில் மாடல் ரயில் பைத்தியம் பிடித்தவர்களில் பெரும்பாலோர் இந்த அளவில்தான் பைத்தியமாக இருக்கிறார்கள்.

பைத்தியம் பழசு. ஜெர்மனியில் மார்க்லின் என்ற கம்பெனி 1891-ல் லைப்சிக் சந்தையில் தண்டவாளத்தோடு பொம்மை ரயிலை வைத்தது. அதில் ஒரு தந்திரம் பண்ணியது. இன்று ஒரு எஞ்சின் வாங்கலாம், அடுத்த பண்டிகைக்கு இரண்டு பெட்டி, அதற்கடுத்ததற்கு இன்னும் கொஞ்சம் தண்டவாளம். எல்லாம் ஒன்றோடொன்று பொருந்தும்; வாங்கி முடியவே முடியாது. பி.காம். படித்தவன் என்ற முறையில் அந்த மூளைக்கு ஒரு கும்பிடு. அதே முறையில் மாட்டிக்கொண்டவன் என்ற முறையில் இன்னொரு கும்பிடு.

சரி, நம்ம ஊர் மீட்டர் கேஜுக்கு வருவோம். தண்டவாளங்களுக்கு நடுவே 1000 மில்லிமீட்டர், அதாவது ஒரு மீட்டர். கடையில் கிடைக்கும் 12 மில்லிமீட்டர் தண்டவாளத்தை 87-ஆல் பெருக்கினால் 1044. நிஜத்தைவிட 44 மில்லிமீட்டர் அதிகம். பலகையின் மேல் அது அரை மில்லிமீட்டர். அரை மில்லிமீட்டர் பொய்யை மனசாட்சி தாங்கும்.

தாங்காதது நீளம். நிஜத்தில் ஒரு கிலோமீட்டர் என்றால், இந்தக் கணக்கில் பதினொன்றரை மீட்டர். என் பலகை எட்டடி. நிஜத்தில் அது 212 மீட்டர். ஒரு பாசஞ்சர் ரயில் நின்றாலே பாதி தீர்ந்துவிடும். ஆகவே எல்லாவற்றையும் இழுத்துச் சுருக்கி, மடக்கி, திருப்பிப்போட்டு... ரெண்டு லட்ச ரூபாய் சம்பளத்துக்கு ஆசைப்பட்டு முப்பதாயிரத்தில் குடும்பம் நடத்துகிற அதே டெக்னிக்தான்.

* * *

என்ன ஸ்டேஷன்?

பழைய மெயின் லைனில், சிதம்பரத்துக்கும் மயிலாடுதுறைக்கும் நடுவே ஒன்று. பெயர் சொல்ல மாட்டேன். சொன்னால் ஊர்க்காரர்கள் "பிளாட்பாரத்தில் வேப்பமரம் அந்தப் பக்கம் இல்லை, இந்தப் பக்கம்" என்று கடிதம் போடுவார்கள். அந்த வேலைக்கு வீட்டிலேயே ஆள் இருக்கிறார்.

எண்பதுகளின் கடைசியில் அப்பா அங்கே ஸ்டேஷன் மாஸ்டர். நான் பிறந்தது அந்த ரயில்வே குவார்ட்டர்ஸில். நினைவு தெரிவதற்குள் மாற்றலாகிவிட்டது. 1992-ல் 'எல்லாப் பாதையும் ஒரே அகலம்' என்று திட்டம் வந்தது. படிப்படியாக வேலை நடந்து, 2010-ல் விழுப்புரம்–மயிலாடுதுறை அகலப்பாதையாகிவிட்டது. நல்ல காரியம்தான். நடுவழியில் இறங்கி வண்டி மாறுகிற அவஸ்தை போயிற்று. இன்று தமிழ்நாட்டில் மீட்டர் கேஜில் டிக்கெட் வாங்கி உட்கார வேண்டுமென்றால் மேட்டுப்பாளையம் போய் ஊட்டி ரயில் ஏறவேண்டும்.

அம்மா போன வருஷம் அப்பா எங்களோடு சென்னைக்கு வந்தார். வந்து ஈஸிசேரில் உட்கார்ந்தவர், உட்கார்ந்தார். அவ்வளவுதான். காபி வேணுமா என்றால் "ம்." பேப்பர் பார்த்தீங்களா என்றால் "ம்." அந்த ஆறாவது மாசத்தில்தான் பலகை பால்கனி ஏறியது. அவருக்காகத்தான் என்று அப்போது யாரிடமும் சொல்லவில்லை. எனக்கு ரொம்ப நாள் ஆசை என்று ஒரு பொய் சொன்னேன். அது நிஜமாகிவிட்டது.

* * *

இந்தப் பொழுதுபோக்கில் பாதி வேலை சமையலறையில் நடக்கும். மனைவிமார்கள் எதிர்ப்பதற்குக் காரணம் அதுதான்.

தண்டவாளத்துக்கு அடியில் ஜல்லி போடவேண்டும். நிஜ ஜல்லியை 87-ஆல் வகுத்தால் ரவை மாதிரி வரும். வீடு கட்டுகிற இடத்தில் கிரஷர் பவுடர் ஒரு பை கேட்டு வாங்கி, ரவை சல்லடையில் சலித்தேன். (சல்லடை புதிதாக வாங்கிக் கொடுத்துவிட்டேன். அந்த விவகாரம் முடிந்தது.) சலித்ததைப் பெயின்ட் பிரஷ்ஷால் பரப்பி, தச்சுவேலைக்கு உபயோகிக்கும் வெள்ளைப் பசையில் பாதிக்குப் பாதி தண்ணீர் கலந்து, இங்க் ஃபில்லரில் சொட்டுச் சொட்டாக விடவேண்டும். வெறும் பசைத்தண்ணீர் ஜல்லிக்கு மேலே முத்து முத்தாக நின்றுகொண்டு உள்ளே இறங்காது. பாத்திரம் தேய்க்கும் லிக்விட் ஒரு துளி சேர்த்தால் சமர்த்தாக இறங்கும். ஓரடி தூரத்துக்கு ஒரு மாலை நேரம் போகும்.

மனிதர்கள்? ஐந்தரை அடி ஆளை 87-ஆல் வகுத்தால் இரண்டு சென்டிமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. ஜெர்மனியிலிருந்து வரும் சின்னப் பொம்மைகள் எல்லாம் கோட்டும் தொப்பியுமாக இருக்கின்றன. பிளேடால் தொப்பியைச் சீவி, கோட்டைச் சுரண்டி, டிஷ்யூ பேப்பரில் வேட்டி கட்டிவிட்டேன். ஒரு ஜெர்மன் கனவான் இப்போது மாயவரம் மிராசுதார் மாதிரி சாமான்களோடு நிற்கிறார். பெட்டியை மட்டும் பிடுங்க முடியவில்லை.

நான் கணக்கு எழுதுகிறவன். 'ரயில்வே' என்று ஒரு தனி நோட்டே போட்டேன். மனைவி அதைப் பார்த்துவிட்டு, "இதுல 'இதர செலவு'ன்னு போட்டிருக்கற தொகைதான் மத்த எல்லாத்தையும் விட ஜாஸ்தி" என்றாள். ஆடிட்டர் பார்வை. பி.காம்.மில் 'வொர்க்-இன்-புராக்ரஸ்' என்று ஓர் அயிட்டம் உண்டு. பாதி வேலை முடிந்து நிற்கிற சரக்கு. வருஷக் கடைசியில் அதற்கொரு மதிப்புப் போட்டு அடுத்த வருஷத்துக்குக் கொண்டுபோவோம். மாடல் ரயில்வே என்பது முழுக்க முழுக்க அந்த ஒரே தலைப்பில் வருவது. முடிந்த சரக்கு என்று ஒன்று கிடையவே கிடையாது. முடித்துவிட்டேன் என்று சொன்னவனை நான் இதுவரை சந்திக்கவில்லை.

பாட்டுக்காரர் ராட் ஸ்டூவர்ட் தெரியுமோ? மேடையில் பல்லாயிரம் பேர் கைதட்டுவார்கள். மனிதர் ஊர் ஊராகக் கச்சேரிக்குப் போகும்போது ஹோட்டலில் கூடுதலாக ஓர் அறை எடுத்து, அங்கே உட்கார்ந்து அட்டைக் கட்டடம் ஒட்டிக்கொண்டிருந்தார். இருபது வருஷத்துக்கு மேல் உழைத்து ஓர் அமெரிக்க நகரத்தை ரயிலோடு உருவாக்கி, 2019-ல்தான் படங்களை வெளியிட்டார். அவருக்கே அப்படியென்றால் எனக்கு இன்னும் பதினாறு வருஷம் கெடு இருக்கிறது.

* * *

முதல் ஒரு வருஷம் அப்பா பலகைப் பக்கம் வரவில்லை. ஒருநாள் ராத்திரி கைகாட்டி மரம் ஒன்றைத் தகரத்தில் வெட்டி நிறுத்தினேன். சிவப்புக் கை, குறுக்கே வெள்ளைப் பட்டை. நூலை இழுத்தால் கை ஆடும். வெள்ளைக்காரப் புத்தகத்தில் பார்த்தபடி, கை மேலே தூக்கினால் போகலாம் என்று வைத்திருந்தேன். காலையில் பார்த்தால் அப்பா பலகைக்கு முன்னால் நிற்கிறார்.

"இது எந்த ஊர்க் கைகாட்டிடா?"

"ஏம்ப்பா?"

"நம்ம ஸ்டேஷன்ல கை கீழே விழணும். நேரா நின்னா நிறுத்து. விழுந்தா வா. மேல தூக்கினா டிரைவர் கும்பிடு போடறேன்னு நெனச்சுப்பான்."

அம்மா போனபிறகு நான் கேட்ட முதல் நீளமான வாக்கியம் அது.

அன்று பிடித்தது சனி! பிளாட்பாரம் உயரம் தப்பு. மணி தொங்கும் இடம் தப்பு. ஸ்டேஷன் போர்டின் மஞ்சள் இவ்வளவு மஞ்சள் இல்லை. தண்டவாளத்தில் அழுக்குச் சேர்ந்தால் கரன்ட் ஏறாமல் எஞ்சின் நின்றுவிடும். வாரம் ஒருமுறை ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் துணியை நனைத்துத் துடைக்கவேண்டும். "அது கேங்மேன் வேலை" என்று சொல்லி என்னிடம் துணியைக் கொடுத்துவிட்டார். சொந்த வீட்டில் என் உத்தியோகம் கேங்மேன்.

பெரிய தகராறு வண்டி கிளம்புவதில் வந்தது. ஸ்டேஷனை விட்டுக் கிளம்பும் ரயில் எங்கேயாவது போய் மறையவேண்டுமே? பலகைக் கடைசியில் பீரோவுக்குப் பின்னால் ஒரு துண்டுப் பலகை மாட்டியிருந்தேன். ரயில் அங்கே போய் நின்றுகொள்ளும். ரெகுலேட்டரைத் திருப்பப் போனேன். அப்பா கையைப் பிடித்துவிட்டார்.

"லைன் கிளியர் வாங்கினியா?"

"யார்கிட்டப்பா?"

"அடுத்த ஸ்டேஷன்கிட்ட."

"அடுத்த ஸ்டேஷன் ஏது? அங்க பீரோதான் இருக்கு."

"பீரோ லைன் கிளியர் கொடுத்துச்சா?"

அப்புறம்தான் பாடம் நடந்தது. ஒற்றைப் பாதையில் இரண்டு ஸ்டேஷனுக்கு நடுவே ஒரு சமயத்தில் ஒரே ஒரு ரயில்தான் இருக்கலாம். அதற்கு இரண்டு ஸ்டேஷனிலும் ஜோடியாக இரண்டு மெஷின்கள். மணியடித்துக் கேட்டு, அந்தப் பக்கத்து மாஸ்டர் அங்கிருந்து சம்மதம் கொடுத்தால்தான் இந்தப் பக்கத்து மெஷினிலிருந்து ஓர் இரும்புக் குண்டு வெளியே வரும். அதுதான் டோக்கன். அது மெஷினுக்குள் திரும்பிப் போகிறவரை இரண்டு பக்கத்திலும் இன்னொன்று வராது. அந்தக் குண்டைப் பையில் போட்டு, பிரம்பு வளையத்தில் மாட்டி டிரைவரிடம் கொடுக்கவேண்டும். குண்டு கையில் இல்லாமல் எந்த டிரைவரும் வண்டியை நகர்த்த மாட்டார். சோழன் எக்ஸ்பிரஸ் எங்கள் ஸ்டேஷனில் நிற்காது. பாயிண்ட்ஸ்மேன் வளையத்தைத் தூக்கிப் பிடித்தபடி நிற்க, எஞ்சினிலிருந்து ஒரு கை நீண்டு, ஓட்டத்திலேயே அதைக் கோத்துக்கொண்டு போகும்.

"ஒரு ஸ்டேஷன் தனியா ஒண்ணும் பண்ண முடியாதுடா. அவன் சரின்னாத்தான் நீ ஸ்டேஷன்" என்றார்.

ஏழு வயசு மகள் இதையெல்லாம் வாய் பிளந்து கேட்டுக்கொண்டிருந்தாள். மறுநாளே சமையலறை மேடை அடுத்த ஸ்டேஷனாகப் பதவியேற்றது. அப்பா பூஜை மணியை அடிப்பார். அவள் அங்கிருந்து ஸ்பூனால் டம்ளரை அடிப்பாள். கோலிக்குண்டு, நகைக்கடைச் சுருக்குப்பை, அவளுடைய பழைய வளையல். டோக்கன் தயார். நான் ரெகுலேட்டரைத் திருப்புவதற்கு முன் அந்த வளையல் என் கையில் விழவேண்டும். தாளிக்கிற நேரத்தில் மட்டும் அடுத்த ஸ்டேஷன் லைன் கிளியர் தராது.

இன்னொன்று. குவார்ட்டர்ஸ் கொல்லைப்புறத்தில் பச்சைப் புடவையில் ஒரு பொம்மை நிறுத்தியிருந்தேன். பக்கத்தில் நூல் கட்டி நாலு துணி காயப்போட்டிருந்தேன். ரொம்ப நேரம் அதைப் பார்த்துவிட்டு அப்பா சொன்னார்:

"கைகாட்டி விழுந்தா உங்கம்மா ஓடிவந்து துணியை எடுத்துடுவா. கரி எஞ்சின் இல்லையா, அத்தனையும் கறுப்பாயிடும். உன் துணியத்தான் முதல்ல எடுப்பா."

அதிலிருந்து கைகாட்டி இறங்குவதற்கு முன்னால் கொடியை எடுத்துவைக்கும் டியூட்டியும் மகளுக்கு.

* * *

இப்படியிருக்கும்போதுதான் 'காலி பண்ணுங்க' என்று வந்தது.

அன்று ராத்திரி தூக்கம் வராமல் நான் படித்த கதைகள் எல்லாம் ஞாபகத்துக்கு வந்தன. அமெரிக்காவில் கலிபோர்னியா, மான்டரேயில் ஜான் ஆலன் என்று ஒருவர். தொழில் புகைப்படக்காரர். மலையும் பள்ளத்தாக்கும் பாலமுமாக, தரையிலிருந்து கூரை வரை, வீட்டுக்குக் கீழே ஒரு ரயில்வே கட்டினார். அந்தக் காலத்து மாடல் ரயில் உலகமே அதைப் பார்த்துப் படித்தது. 1973 ஜனவரியில் அவர் மாரடைப்பில் இறந்தார். பத்தே நாளில் அந்த வீட்டில் தீப்பிடித்து ரயில்வேயும் போயிற்று. இன்று இருப்பது அவர் எடுத்த படங்கள்தான்.

எம்.ஐ.டி. மாணவர்களின் ரயில் கிளப் 1946-ல் ஆரம்பித்தது. கம்ப்யூட்டர்காரர்கள் 'ஹேக்' என்று சொல்லும் வார்த்தையே பலகைக்கு அடியில் ஒயர் முடிந்துகொண்டிருந்த அந்தப் பையன்களிடமிருந்துதான் பரவியது. அவர்கள் இருந்த கட்டடத்தை 1998-ல் இடித்தார்கள். வேறிடம் போய், புதிதாக வேறொரு ரயில்வே கட்டினார்கள்.

எம்.ஐ.டி.க்கே அந்த கதி என்றால் மடிப்பாக்கம் எம்மாத்திரம்?

ஆனால் இதற்கு வழி கண்டுபிடித்தவர்களும் உண்டு. 1970-களில் கலிபோர்னியாவில் சிலர், இதைவிடச் சின்ன 'என்' அளவில், ஒவ்வொருவரும் வீட்டில் நாலடிக்கு இரண்டடிப் பலகை ஒன்றே ஒன்று செய்வது என்று முடிவெடுத்தார்கள். பலகைக்குள் நீ என்ன வேண்டுமானாலும் செய்துகொள். ஓரத்தில் தண்டவாளம் எந்த இடத்தில், எந்த உயரத்தில் வெளியே வரவேண்டும் என்பது மட்டும் எல்லோருக்கும் ஒன்று. ஒரு ஹாலில் கூடி, பலகைகளை வரிசையாக இணைத்தால் நூறடி ரயில்வே. சாயங்காலம் அவரவர் பலகையைக் காரில் போட்டுக்கொண்டு வீட்டுக்கு. இன்று பல நாடுகளில் பல அளவுகளில் இந்த முறை இருக்கிறது.

காலையில் அப்பாவிடம் தயங்கித் தயங்கிச் சொன்னேன். "ரெண்டா வெட்டினா இறக்கிடலாம்."

ரொம்ப நேரம் பலகையையே பார்த்தார். "எங்க வெட்டுவ?"

"நடுவுல. நாலடியில."

"நாலடியில என் ரூம் இருக்கு."

சரிதான். ஸ்டேஷன் மாஸ்டர் அறை வாசல்படி சரியாக அங்கேதான் வந்தது. அந்தப் பக்கம் தள்ளினால் பாயிண்ட். தண்டவாளம் பிரிகிற இடத்தில் வெட்டினால் ஜென்மத்துக்கும் சேராது. கடைசியில் பிளாட்பாரச் சரிவு முடிந்து, பாயிண்ட் ஆரம்பிப்பதற்கு முன்னால், ஓர் ஏழு அங்குலம் கிடைத்தது. அதற்கு நேர் பின்னால் குவார்ட்டர்ஸ் கொல்லை. கிணறு ஒரு பக்கம், துணிக்கொடி ஒரு பக்கம். வேறு வழியில்லை.

வெட்டுகிற வேலையைவிட வெட்டுவதற்கு முந்தைய வேலை பெரிசு. வெட்டப்போகும் கோட்டுக்கு இரண்டு பக்கமும் பித்தளை ஸ்க்ரூ இறக்கி, தண்டவாளத்தை அதன் தலையோடு சேர்த்து சால்டர் பண்ணினேன். வெட்டினாலும் தண்டவாளம் அசையாது. அடியில் இரண்டு சட்டங்களைச் சேர்த்துத் துளைபோட்டு போல்ட் மாட்டி, அந்த ஜோடியைப் பலகையோடு பொருத்தினேன். நடுவில் ரம்பம் போனால் ஆளுக்கொரு சட்டமாகப் பிரியும்; திரும்ப அதே துளையில் போல்ட் போட்டால் இம்மி பிசகாமல் சேரும். பதினாலு ஒயரையும் நறுக்கி, பழைய கம்ப்யூட்டர் பிளக்கில் முடிந்தேன். பத்து ராத்திரி ஆயிற்று.

ஞாயிற்றுக்கிழமை கார்ப்பெண்டர் வந்தார். ஸ்டேஷனைப் பார்த்தார். "சார், இதுமேல ரம்பம் வைக்க மனசு வரல. நீங்களே வெச்சுக்குங்க" என்று ரம்பத்தை என்னிடம் கொடுத்துவிட்டார்.

எனக்கும் கை வரவில்லை. பிளேடைக் கோட்டில் வைத்தபடி நிற்கிறேன்.

அப்பா எழுந்து வந்தார். பூஜை மணியை அடித்தார். சமையலறையிலிருந்து டம்ளர் சத்தம் வந்தது. மகள் வளையலோடு ஓடிவந்தாள். அதை வாங்கித் தன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். அப்புறம் குனிந்து, கொல்லைப்புறத்துப் பச்சைப் புடவைப் பொம்மையை இரண்டு விரலால் மெள்ளப் பிடுங்கி, அதையும் அதே பையில் போட்டுக்கொண்டார்.

"டோக்கன் என்கிட்ட இருக்கு. எந்த வண்டியும் வராது. இப்ப வெட்டு."

வெட்டினேன். நாலு நிமிஷம். துணிக்கொடியின் கம்பம் ஒன்று போயிற்று. மற்றபடி சேதமில்லை.

* * *

புது வீடு பெருங்களத்தூரில். பழையதைவிட ஓர் அறை குறைச்சல். ஸ்டேஷன் இரண்டு துண்டாக, பழைய போர்வை போர்த்தி, கட்டிலுக்கு அடியில் படுத்திருக்கிறது. ஞாயிறு மட்டும் வெளியே வந்து டைனிங் டேபிளிலும் இஸ்திரி மேஜையிலுமாகச் சேரும். மனைவி பார்த்துவிட்டு, "இத முதல்லயே பண்ணியிருக்கலாம்" என்றாள். இதற்கும் தேதி வைத்திருப்பாள்.

போன மாதம் ஒன்று நடந்தது. வங்கியில் வேலை பார்க்கும் நண்பர் ஒருவர், இதே 12 மில்லிமீட்டரில் ஐந்தடிப் பலகை ஒன்று வைத்திருக்கிறார். செங்கோட்டை–புனலூர் மலைப்பாதை. 1904-ல் போட்ட பாதை அது. மீட்டர் கேஜ் ரயில் 2010-ல் நின்று, 2018-ல் அகலப்பாதையாகத் திரும்பி வந்தது. அதிலிருந்து ஒரு குகையும் மலைச்சரிவும் பண்ணியிருக்கிறார். இப்போது எங்கள் பலகைக்கு ஒரு முனை இருக்கிறதே, கொண்டுவந்து சேர்த்துப் பார்க்கலாமா என்றார்.

கொண்டுவந்தார். சேர்த்தால் உயரத்தில் இரண்டு மில்லிமீட்டர் வித்தியாசம். கல்யாணப் பத்திரிகைகளை மடித்து அண்டக் கொடுத்தோம். கச்சிதமாக உட்கார்ந்தது.

அப்பா மலையைப் பார்த்தார். "மாயவரம் பக்கத்துல மலை எப்ப வந்தது?"

நண்பர் பாவம், பயந்துபோனார். "சார், வேணும்னா பலகையைத் திருப்பி..."

"இருக்கட்டும், இருக்கட்டும். உங்க பக்கம் மணி இருக்கா?"

இல்லை. ஸ்பூனும் டம்ளரும் கொடுத்தோம்.

அப்பா பூஜை மணியை அடித்துவிட்டுக் காத்திருந்தார். அந்தப் பக்கத்திலிருந்து டம்ளர் சத்தம் வந்தது. அப்பா முகத்தை நான் பார்க்கவில்லை. பார்த்தால் எனக்குக் கஷ்டம் என்று ரெகுலேட்டரையே பார்த்துக்கொண்டிருந்தேன். வளையல் என் கையில் விழுந்தது.

"பாப்பா, கைகாட்டிய இறக்கறதுக்கு முன்னாடி பாட்டி துணிய எடுத்துட்டியா?"

"எடுத்துட்டேன் தாத்தா."

ஒய்.பி. எஞ்சின் நாலு பெட்டியோடு கிளம்பி, ரம்பம் போன கோட்டை 'டக்' என்ற ஒரு சத்தத்தோடு தாண்டி, வேறொருவர் மலைக்குள் போய் மறைந்தது. பீரோவுக்குப் பின்னால் இல்லை.

இந்த வார நிலவரம்: ஒர்க் பெஞ்சில் துணிக்கொடிக்குப் புதுக் கம்பம் ஒன்று, ஈர்க்குச்சியில், பெயின்ட் காய்ந்துகொண்டிருக்கிறது. அடுத்த ஞாயிறு தாம்பரத்திலிருந்து இன்னொருவர் பலகையோடு வருகிறேன் என்றிருக்கிறார். அவருடையது மூன்று மில்லிமீட்டர் இறக்கமாம்.

உங்கள் வீட்டில் பழைய கல்யாணப் பத்திரிகைகள் இருந்தால் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். கனமான அட்டையாக இருந்தால் ரொம்ப விசேஷம்.